பாலம் வரை தள்ளிய வேன்

அது வெள்ளிக்கிழமை என்கிறாள் அக்கா. வியாழக்கிழமை என்கிறேன் நான். அன்று விடியற்காலையில், முதல் நாள் கறிக்குழம்பைச் சுடவைத்து இட்லிக்கு ஊற்றிக்கொண்டுதான் வண்டி ஏறினோம். வெள்ளிக்கிழமையில் எங்கள் வீட்டில் கறிச்சட்டி அடுப்பேறியதே இல்லை. வேளாங்கண்ணியில் கொடியேறுவது எந்த வருடமானாலும் ஆகஸ்ட் இருபத்தொன்பது. நான் சொல்வது அதற்கு முந்தின வியாழன். வருடத்தை மட்டும் எழுதாமல் விடுகிறேன். எழுதினால், நான் யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்பது அந்தக் கரையில் இருப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, எங்கள் பக்கத்துச் சுவர்களில் சினிமா சுவரொட்டிகளுக்குச் சரிசமமாக வெளிநாட்டு வேலை ஏஜெண்டுகளின் சுவரொட்டிகளும் ஒட்டத் தொடங்கியிருந்த காலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேன் அக்காவின் கணவருடையது. மச்சான் அதைப் பழையதாகத்தான் வாங்கினார். வலங்கைமானுக்கு அருகே எங்கள் ஊரிலிருந்து கல்யாணம், காதுகுத்து, வேளாங்கண்ணி என்று வாடகைக்கு ஓட்டினார். அந்தக் காலத்து வேன்களில் இன்ஜின் முன்பக்கம், டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டியின் மேல் ரெக்சின் தைத்த மெத்தை. மூட்டுவலிக்காரரான என் அப்பாவுக்கு அதன் பக்கத்து சீட்டுதான் நிரந்தர இடம். கால்களைத் தூக்கி அந்தப் பெட்டியின்மேல் வைத்துக்கொள்வார். தைலத்தைவிட அந்தச் சூடு நன்றாகக் கேட்கிறது என்பார்.

முதல் இன்ஜின் செத்தது சித்திரைக் கடைசியில். ஒரத்தநாட்டிலிருந்து ஒரு நிச்சயதார்த்தக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், பெட்டிக்குள்ளிருந்து யாரோ சம்மட்டியால் அடிக்கிற மாதிரி சத்தம் கேட்டதாம். மச்சான் காலை எடுப்பதற்குள் ஒரு பெரிய வெடிப்பு. இறங்கிப் பார்த்தால் சாலையில் எண்ணெய் ஒரு கோலம் மாதிரி பரவிக்கிடக்கிறது. உள்ளே பிஸ்டனைத் தாங்குகிற கம்பி உடைந்து, இன்ஜினின் விலாவான பிளாக்கையே கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. தஞ்சாவூரில் மெக்கானிக் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனபோது நானும் கூடப் போயிருந்தேன். உள்ளே கடைந்து போர் போட்டுச் சரிபண்ண முடியாதா என்று மச்சான் கேட்டார். மெக்கானிக் அந்த ஓட்டைக்குள் தன் கையை மணிக்கட்டு வரை விட்டுக் காட்டினார்.

"போர் போடறதுக்கு பிளாக்குன்னு ஒண்ணு இருக்கணும்ல?"

வேறு இன்ஜின்தான் போட வேண்டும் என்றானது. எல்லாவற்றுக்கும் காரணம் இதுவென்பதால் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மச்சானின் பாஸ்போர்ட் அப்போது கும்பகோணத்தில் ஒரு ஏஜெண்டிடம் இருந்தது. வளைகுடாவில் டிரைவர் வேலை. வண்டி நின்றுவிட்டதும் அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அக்காவுக்கு அது பிடிக்கவே இல்லை. எங்கள் தெருவில் அப்படிப் போனவர் ஒருவர், போன புதிதில் எஸ்.டி.டி. பூத்துக்கு வாரம் தவறாமல் கூப்பிட்டவர், பிறகு மாதமொரு முறை, பிறகு ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும், பிறகு இல்லை. அவருடைய மனைவி பூத்துக்காரரிடம் போய், போன் ஏதும் வந்ததா என்று கேட்பதைக் கூட நிறுத்திவிட்டாள். அக்கா சண்டை போடவில்லை. கொடியேற்றத்துக்குள் வண்டி ஓடினால் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். மச்சான் சரி என்றார். திருவிழா சவாரி ஒழுங்காகக் கிடைத்தால் பிறகு வருடம் முழுவதும் சமாளித்துவிடலாம். அன்றிலிருந்து அந்த இன்ஜினைத் தேடியது மச்சானைவிட அக்காதான். கை வளையல்களைக் கழற்றிக் கொடுத்ததும் அவள்தான்.

கிடைத்தது ஒரு காயலான் கடையில். எந்த ஊர் என்பது வேண்டாம். கடைக்காரர் பேச்சு இனிமையானவர். வேதாரண்யம் பக்கம் உப்பு ஏற்றப் போய்க் குடைசாய்ந்த லாரியின் இன்ஜின் இது, வண்டிதான் நசுங்கியது, இன்ஜின் மேல் கீறல்கூட இல்லை என்றார். உடனிருந்த எங்கள் மெக்கானிக், தண்ணீர் ஓடும் வழியைத் திறந்து விரலை விட்டுச் சுரண்டினார். வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது.

"உப்புத் தண்ணியா ஊத்தி ஓட்டியிருக்கானுங்க, கழுதப்பயலுக" என்றார்.

உப்பு ஏற்றுகிற லாரி, உப்புத் தண்ணீர் உள்ள ஊர். எல்லாம் பொருந்தியது. எங்களைப் போல வாய்க்கால் தண்ணீரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உப்பென்றால் வேதாரண்யம்தான் நினைவுக்கு வரும், கடல் வராது. சாம்பல் நிறப் பெயின்டுக்கு அடியில் நீலம் தெரிந்தது. அதைப் பற்றியும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இன்ஜினைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்துகிற கால்களில் ஒன்று எப்போதோ உடைந்து ஒட்டப்பட்டிருந்தது. தகடு வைத்து ஒட்டுவதற்குப் பதில், பெரிய இரும்புச் சங்கிலியின் ஒரு கண்ணியை நறுக்கித் தட்டிப் படியவைத்துப் பித்தளையால் பற்றவைத்திருந்தார்கள். மெக்கானிக் அதைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். எவன் செய்தானோ கெட்டியாகச் செய்திருக்கிறான், இது இன்ஜினைவிட அதிக நாள் இருக்கும் என்றார்.

பழைய கியர் பெட்டியையே அதோடு சேர்த்து மாட்டினார்கள். சைலன்சர் அரித்துப்போயிருந்ததால் ஸ்டார்ட் செய்தபோது பட்டறையே அதிர்ந்தது. அக்கா அதைக் கேட்கவென்றே தஞ்சாவூருக்கு வந்திருந்தாள். காதைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்துக்கொண்டு நின்றாள். சைலன்சரைத் திருவிழா முடிந்து மாற்றலாம், ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் நம்பரையும் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று மச்சான் சொன்னார். பாஸ்போர்ட்டை வாங்க அடுத்த திங்கள்கிழமை கும்பகோணம் போவதாகவும் சொன்னார்.

இந்த இடத்தில்தான் அப்பா ஒரு பிரச்சினையைக் கிளப்பினார். வேன் வாங்கிய புதிதில் அதை வேளாங்கண்ணிக்குக் கொண்டுபோய் மந்திரித்திருந்தோம். சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துக் கொடுத்தார். ஆனால் அது பழைய இன்ஜினோடு சேர்ந்த வண்டி. இப்போது உள்ளே இருப்பது மந்திரிக்காத இன்ஜின். இதை வைத்து மாதா கோயிலுக்கு சனங்களை ஏற்றலாமா என்று கேட்டார்.

"மாமா, போன வருஷம் நாலு டயரும் மாத்துனேன். அப்ப ஏன் சாமியாரக் கூப்பிடல?" என்றார் மச்சான்.

"டயர் செருப்பு மாதிரிங்க மாப்ள. இது நெஞ்சு" என்றார் அப்பா.

நம் பங்குச் சாமியாரிடமே மந்திரிக்கலாமே என்று நான் சொன்னேன். முதலில் எங்கே மந்திரித்தோமோ அங்கேதான் என்பது அவர் முடிவு. முதல் சவாரிக்கு முன்னால் அப்பா, அக்கா, மச்சான், நான் நால்வரும் காலி வண்டியில் வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டது அதனால்தான்.

திருவாரூர் தாண்டும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டு பக்கமும் குறுவைக் கதிர் சாய்ந்து நின்றது. சாலையோரம் காவி உடுத்தி, சின்னச் சப்பரத்தை இழுத்துக்கொண்டு நடந்து போகும் கூட்டங்கள் அப்போதே தொடங்கிவிட்டிருந்தன. மச்சான் ஒவ்வொரு கூட்டத்தையும் தாண்டும்போது ஹாரன் அடித்தார். நாகப்பட்டினம் கடந்த பிறகு வண்டி சூடேற ஆரம்பித்தது. அப்பா பெட்டியிலிருந்து காலை எடுத்து, மெத்தை சுடுகிறது என்றார். சற்று நேரத்தில் முன்பக்கமெல்லாம் ஆவி. மச்சான் உடனே இன்ஜினை அணைத்துவிட்டு, ஓடிவந்த வேகத்திலேயே உருட்டிக்கொண்டு போய், சாலையோரம் தெரிந்த ஒரு வெல்டிங் கடை முன்னால் நிறுத்தினார். ரேடியேட்டரின் அடித்தையல் விட்டுத் தண்ணீரெல்லாம் ஒழுகியிருந்தது.

கடைக்காரருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கட்டம்போட்ட லுங்கி, கறுப்புக் கண்ணாடி. பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்த மாதிரி சந்தோஷமாக வந்தார். வேளாங்கண்ணி வண்டிகளெல்லாம் தன் கடைக்கு வந்துதான் கெட்டுப்போகும் என்று சொல்லிச் சிரித்தார். ரேடியேட்டரை ஒட்டிக்கொடுத்தால் போதுமா, வேறு எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்க, அப்பாவை இறங்கச் சொல்லாமலே பெட்டியின் மூடியைத் தூக்கிச் சாய்த்து உள்ளே குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை. நான் அவர் பக்கத்தில் நின்றிருந்தேன். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கையை நீட்டி அந்தச் சங்கிலிக் கண்ணியைத் தொட்டார். அது கொதித்துக்கொண்டிருந்திருக்கும். கையை எடுக்கவில்லை.

"இது எங்க வாங்குனது?"

மச்சான் கடையின் பெயரைச் சொல்லி, குடைசாய்ந்த லாரியின் கதையையும் சொன்னார். மலிவாகக் கிடைத்த சந்தோஷம் அவர் குரலில் இன்னும் இருந்தது.

"லாரி இல்லண்ணே. இது எங்க அண்ணனோட லாஞ்சு இன்ஜின். இந்த ஒட்டு நான் போட்டது. நங்கூரச் சங்கிலி. தகடு இல்லன்னு அண்ணன்தான் நறுக்கிக் குடுத்துச்சு."

விசைப்படகை அங்கே லாஞ்சு என்பார்கள். லாரி இன்ஜின்களை வாங்கி லாஞ்சுக்கு மாட்டுவது அந்தக் கரையில் வழக்கம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. லாஞ்சிலிருந்து கழற்றியது சாலைக்கு வரும் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. உள்ளே உதிர்ந்த அந்த வெள்ளைப் பொடி கடல் உப்பு.

மீதியை அவர் எங்களைப் பார்க்காமல், இன்ஜினைப் பார்த்தே சொன்னார். முந்தின வருடம் கார்த்திகையில் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் கடலுக்குப் போனார்கள். காற்று திரும்பியது. லாஞ்சு பிறகு முகத்துவாரத்துக்குத் தெற்கே கவிழ்ந்து கிடைத்தது. ஆட்கள் கிடைக்கவில்லை. ஒருவர்கூட. ஆட்களைக் கொண்டுபோன லாஞ்சின் இன்ஜினை அந்தக் கரையில் வேறு எவரும் தன் படகில் ஏற்றமாட்டார்கள். வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாது. அண்ணி ஒரே ஒரு நிபந்தனை போட்டுத்தான் அதைக் காயலான் கடைக்குக் கொடுக்கச் சம்மதித்தாராம்: உடைத்துவிட வேண்டும், முழுசாக எங்கேயும் போகக் கூடாது. கடைக்காரர் தலையாட்டி ஏற்றிக்கொண்டு போனார். பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தானாகவே வந்து, உடைத்தாயிற்று, உலைக்குப் போய்விட்டது என்று சொல்லிவிட்டும் போனார்.

"அண்ணிகிட்ட நானும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

பழக்கத்தில் மறுபடி தூக்கிவைத்த அப்பாவின் கால்கள் அப்போது திறந்த பெட்டியின் விளிம்பில் இருந்தன. அவர் அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கிக் கீழே வைத்தார். மச்சான் கையில் ஒரு கிழிந்த துணி. அதை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அக்கா பின் சீட்டிலிருந்து இறங்கவே இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்று: பட்டறையில் அது முதன்முதலாக அலறியபோது நாங்கள் கைதட்டினோம்.

அவர் வேலையை விடவில்லை. ரேடியேட்டரைக் கழற்றி ஒட்டி, தண்ணீர் ஊற்றி, கசிகிறதா என்று பார்த்து, மாட்டியும் கொடுத்தார். மச்சான் கூலியை நீட்டியபோது வேண்டாம் என்றார். வேறொன்று கேட்டார்.

கொஞ்ச தூரத்தில் ஆற்றுப்பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் புளியமரத்தடியில் அண்ணி கருவாடு விற்கிறார், திருவிழா முடியும்வரை அங்கேதான் இருப்பார்.

"அதைத் தாண்டுற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாமப் போவ முடியுமாண்ணே?"

இவ்வளவு வண்டி ஓடுகிற சாலையில் ஒரு வேனின் சத்தமா தனியாகத் தெரியப் போகிறது என்று மச்சான் மெதுவாகக் கேட்டார்.

"தெரியாமலும் போவலாம். ஆனா, கரையில நிப்போம், பத்து லாஞ்சு சேர்ந்து வரும், இருட்டுல ஒண்ணும் தெரியாது. எங்க அண்ணனோடது எதுன்னு மொதல்ல சொல்றது அண்ணிதான். ஒரு தடவ கூடத் தப்புனதில்ல." அவர் அரித்துப்போன சைலன்சரைப் பார்த்தார். "சோதிச்சுப் பாக்க வேணாம்ணே."

திரும்பிப் போய்விடலாம் என்றார் மச்சான். அதுதான் எளிது. ஆனால் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. மாதாவைப் பார்க்காமல் இதை ஊருக்குள் கொண்டுபோகக் கூடாது, இப்போதுதான் அங்கே போயே ஆக வேண்டும் என்றார். அக்கா இறங்கி, சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு, வண்டியின் பின்னால் போய் நின்றாள். வெல்டிங் கடைக்காரர் வரவில்லை. வந்தால் தன் முகத்தைப் பார்த்தே அண்ணி கண்டுபிடித்துவிடுவார் என்றார்.

மச்சான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, நானும் அக்காவும் பின்னாலிருந்து தள்ளினோம். அப்பா பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டு நடந்தார். அது தள்ளியதா, பிடித்துக்கொண்டதா தெரியாது. நடைப்பயணமாகப் போன இரண்டு மூன்று பேர் தாமாகவே வந்து தோள் கொடுத்தார்கள். மரியே வாழ்க என்று சொல்லிச் சொல்லித் தள்ளினார்கள். வண்டி கெட்டுவிட்டது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். நல்ல நிலையில் இருக்கிற ஒரு வண்டியை பத்து மணி வெயிலில் தள்ளிக்கொண்டு போகிறோம் என்று யாரிடம் சொல்வது?

புளியமரத்தடியில் நான்கைந்து பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நெத்திலி, வாளை, சுறாத்துண்டு என்று குவியல் குவியலாகக் கருவாடு. இவர்களில் எவர் என்று நாங்கள் கேட்டுவைக்கவில்லை. அது அப்போதுதான் உறைத்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எவர் முகத்தையும் பார்க்காமல் தாண்டிவிட்டால் போதும் என்றிருந்தது.

பாலத்துக்கு ஏறுகிற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. மேடு. அழுத்திப் பிடித்தும் நகரவில்லை. மரத்தடியில் இருந்தவர்களில் ஒருவர், முப்பத்தைந்து வயதிருக்கும், கையை மடியில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். அக்காவுக்கும் எனக்கும் நடுவில் தோளை நுழைத்தார்.

"இப்படி ஆளாளுக்கு ஒரு பக்கம் தள்ளுனா எப்படிப் போவும்? ஒண்ணா அழுத்துங்க."

வண்டி நகர்ந்தது. நல்ல பலம் அவருக்கு. தள்ளிக்கொண்டே முன்பக்கம் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அண்ணே, ரெண்டாவது கியர்ல போட்டு கிளச்ச விடுங்க. புடிச்சுக்கும்."

மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணே, கேக்குதா?"

மரத்தடியிலிருந்து இன்னொரு பெண் உரக்கச் சொன்னாள்: "அட, லாஞ்சு டிரைவர் பொண்டாட்டி சொல்றால்ல, கிளச்ச விடுய்யா. அவளுக்குத் தெரியாத இன்ஜினா?" மற்றவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார்.

நாங்கள் கேட்டுவைக்காத அந்த அண்ணி இவர்தான். முன்னால் மச்சானின் பிடரி மட்டும் தெரிந்தது. அது கல் மாதிரி இருந்தது. சாவி அவர் கைக்கு எட்டும் தூரத்தில். மேடு முடிந்து வண்டி வேகம் பிடித்தால், கை தவறி கியர் விழுந்தால்கூட அது உயிர்பெற்றுவிடும். அந்தப் பெண்ணின் நெற்றியிலிருந்து பின்பக்கத் தகரம் ஒரு சாண்கூட இல்லை. அந்தத் தகரத்தின் மறுகோடியில் பெட்டிக்குள் அவர் கணவரின் இன்ஜின். அதை அவர் தோளால் தள்ளிக்கொண்டிருந்தார்.

இது எதுவும் அக்காவின் முகத்தில் தெரியாமலில்லை. அந்தப் பெண் பார்த்துவிட்டார்.

"ஏங்க்கா அழுவுறீங்க? வண்டிதான. போனா ரிப்பேர் பண்ணிக்கலாம். ஓட்டுற ஆளு நல்லாத்தான இருக்காரு."

அக்கா வாயைத் திறந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். ஆமாம் என்று.

பாலத்தின் நடுவில் மேடு முடிந்தது. வண்டி தானாக ஓட ஆரம்பித்தது. நாங்கள் கையை எடுத்தோம். அந்தப் பெண் அங்கேயே இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டார். திரும்பிப் போகவில்லை. தான் தள்ளிய வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று நின்றார். "இப்ப விடுங்கண்ணே" என்று அவர் கத்தியது கேட்டது. வண்டி சத்தமே இல்லாமல் இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. கீழே போய் அது நின்றதும் நானும் அக்காவும் ஓடிப்போய் மறுபடி தள்ளினோம். சாலை திரும்புகிற இடம் வரை தள்ளினோம். திரும்பும்போது பார்த்தேன். இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

வளைவுக்கு அப்பால் ஒரு மதகு. மச்சான் இறங்கி வந்தார். சட்டை முழுவதும் நனைந்திருந்தது. இனி ஸ்டார்ட் செய்யலாம், கேட்காது. யாரும் அவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லவில்லை. அவரும் சாவிப்பக்கம் போகவில்லை. அக்கா மதகுச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். அழுகை நின்றிருந்தது.

"நீங்க பாஸ்போர்ட்ட வாங்க வேணாம்" என்றாள்.

மச்சானுக்குப் புரியவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அவருக்குப் புரிந்திருந்தது. மெதுவாகச் சொன்னார், மந்திரித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், மாமா சொல்கிறாரே, இதில் நம்முடைய தப்பு என்ன இருக்கிறது என்று. வேறு இன்ஜினுக்கு இப்போது வழியில்லை என்பதையும் சொன்னார். இது இல்லையென்றால் வண்டி இல்லை. வண்டி இல்லையென்றால் நான் இங்கே இருக்கிறதில் அர்த்தமில்லை, அதை யோசித்தாயா என்றார்.

"யோசிச்சுட்டேன். நான் கூட இருந்து தள்ளுனேன்ல?" என்றாள் அக்கா. "அந்தம்மா உடைக்கத்தான் குடுத்துச்சு. உடைச்சுடுங்க. நீங்க கெளம்புங்க."

எட்டு வருடத் தாம்பத்தியத்தில் அவள் அவரைப் போகச் சொன்னது அதுதான் முதல் தடவை. போக வேண்டாம் என்பதற்காக மூன்று மாதம் அலைந்து, வளையலைக் கழற்றி வாங்கிய இன்ஜின் அது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஏதாவது சொல்லித் தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வண்டிக்குள்ளிருந்து தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கையில் செருப்போடு, நடந்து போகிறவர்களோடு சேர்ந்துகொண்டார். மூட்டுவலியோடு வேளாங்கண்ணி வரை நடந்தே போனார். அங்கே எதற்காக ஜெபித்தார் என்பதை அவர் சாகும்வரை சொல்லவில்லை.

அன்று பிற்பகல் ஒரு டிராக்டரைப் பிடித்து, வண்டியைக் கயிறு கட்டி, வந்த வழியே இழுத்துக்கொண்டு போனோம். புளியமரத்தடியில் அந்தப் பெண் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். "நான் சொன்னத கேட்டிருந்தா இந்தக் கயிறு எதுக்கு?" என்றார். மச்சான் கும்பிட்டார். கேலிக்குக் கும்பிடுகிறார் என்று நினைத்து அவர் சிரித்தார்.

வெல்டிங் கடையின் பின்பக்கம், வேலிக்குள், இரண்டு கழிகளை நட்டுச் சங்கிலி போட்டு இன்ஜினை இறக்கினார்கள். கடைக்காரர் முதலில் உளியை வைத்துத் தன் ஒட்டைப் பெயர்த்தார். அந்தக் கண்ணியைத் தனியாக எடுத்து வைத்தார். பிறகு சம்மட்டியை மச்சானிடம் கொடுத்தார். மாற்றி மாற்றி அடித்தார்கள். வார்ப்பு இரும்பு சுலபமாக உடையும் என்று நான் நினைத்திருந்தேன். உடையவில்லை. ஒவ்வொரு அடிக்கும் கணீர் கணீரென்றது. இந்தச் சத்தம் பாலம் வரை கேட்குமோ என்று இருவரும் ஒருமுறை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெல்டிங் கடையில் இரும்படிக்கிற சத்தம்தானே என்று கடைக்காரரே சொன்னார். மறுபடி அடித்தார்கள்.

மச்சான் கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் விமானம் ஏறினார். அந்தத் தேதியில் அக்காவுக்கும் எனக்கும் வழக்கில்லை. இன்ஜின் இல்லாத வேன் அதற்கு முன்பே யாரிடமோ போய்விட்டது. மச்சான், போன் நின்றுபோன எங்கள் தெருக்காரர் மாதிரி இல்லை. பூத்துக்கு மறக்காமல் கூப்பிட்டார், பிறகு வீட்டுக்கே போன் வந்தது. அந்தப் பாலத்தின் வழியே நான் அதற்குப் பிறகு பலமுறை போயிருக்கிறேன். புளியமரம் வந்ததும் பஸ்ஸில் மறுபக்கம் பார்த்துக்கொள்வேன். அக்கா வேளாங்கண்ணிக்கு வருவதில்லை. பூண்டி மாதாவிடம் போகிறாள்.

முதல் விடுமுறைக்கு மச்சான் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்த நேரம். திருச்சியிலிருந்து டாக்சியில் வருவதாகச் சொல்லியிருந்தார். காலையிலிருந்து அக்கா அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். தெருவில் புது மாதிரி கார்கள் நிறைய வந்துவிட்டிருந்தன. ஒவ்வொன்றும் தாண்டிப் போகும்போது அவள் கரண்டியோடு நின்று கேட்பாள், பிறகு திரும்பிவிடுவாள். கடைசியில் அவர் வந்த கார் வந்தபோது அவள் உள்ளே வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். கார் நின்றது, கதவு திறந்தது, பெட்டிகளை இறக்கினார்கள். அது எந்த வண்டியின் சத்தம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் வாசலில் நின்று கூப்பிடும்வரை எங்களில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.